தண்டர்பேர்ட்ல மெயில் தேடுனா வரமாட்டேங்குதா? எதையும் டெலீட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தண்டர்பேர்ட்ங்குறது கம்ப்யூட்டர்ல மெயில் பார்க்குற ப்ரோகிராம். போன மாசம் அதை வச்சிருக்குற மாமா போன் பண்ணி, "மாப்ள, ஆடிட்டர் இன்வாய்ஸ் கேக்குறாரு, மார்ச் மாச மெயில் ஒண்ணு கூட காணோம், யாரோ அழிச்சுட்டாங்க போல"ன்னு ஒரே பதட்டம். நேர்ல போய் பார்த்தா மெயில் எல்லாம் அப்படியே இருக்கு. லிஸ்டுக்கு மேல க்விக் ஃபில்டர்னு ஒரு பட்டை இருக்கும்ல, அதுல 'அன்ரீட்' பட்டன் அமுங்கி இருந்துச்சு, பக்கத்துல இருக்குற குண்டூசி படத்தையும் அமுக்கி வச்சிருக்காரு. குண்டூசி அமுங்கி இருந்தா நீங்க எந்த ஃபோல்டருக்குப் போனாலும் அந்த ஃபில்டர் கூடவே வரும். மனுஷன் மார்ச் மெயில் எல்லாத்தையும் படிச்சு முடிச்சவரு, அப்புறம் அன்ரீட்ல எப்படி காட்டும்! ரெண்டு க்ளிக்ல முடிஞ்சுது, காபி குடிக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, தேடல் வேலை செய்யலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு தாங்க எந்தப் பெட்டியில தேடுறோம்னே தெரியுறதில்ல. தண்டர்பேர்ட்ல தேடுறதுக்கு மூணு வழி இருக்கு. கண்ட்ரோல் ஷிஃப்ட் கே அமுக்குனா வர்றது க்விக் ஃபில்டர், அது இப்ப திறந்திருக்குற ஃபோல்டரை மட்டும்தான் சலிக்கும். கண்ட்ரோல் கே அமுக்குனா மேல இருக்குற க்ளோபல் சர்ச், இது எல்லா அக்கவுண்ட்லயும் தேடும், ஆனா முன்கூட்டியே போட்டு வச்ச இண்டெக்ஸை, அதாவது எந்த வார்த்தை எந்த மெயில்ல இருக்குங்குற பட்டியலைப் பார்த்துதான் பதில் சொல்லும். கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் அமுக்குனா சர்ச் மெசேஜஸ், அனுப்புனவர் யாரு, எந்த தேதின்னு கண்டிஷன் போட்டு தேடலாம். ஒரு பெட்டியில வராத மெயில் இன்னொண்ணுல வருதான்னு பாருங்க, பாதி விடை அதுலயே கிடைச்சுடும்.

க்விக் ஃபில்டர்லயே இன்னொரு விஷயம். வார்த்தையை டைப் பண்ண உடனே கீழ சென்டர், ரெசிப்பியன்ட்ஸ், சப்ஜெக்ட், பாடின்னு பட்டன் வரும். பாடி ஆஃப்ல இருந்தா மெயிலுக்குள்ள இருக்குற வார்த்தை சிக்காது, தலைப்புல இருந்தாதான் உண்டு.

சரி, க்விக் ஃபில்டர்ல வருது, க்ளோபல் சர்ச்ல மட்டும் வரலன்னா இண்டெக்ஸ்ல ஏதோ கோளாறு. முதல்ல செட்டிங்ஸ், ஜெனரல், அதுல கீழ இண்டெக்ஸிங்னு ஒரு பகுதி, அங்க 'எனேபிள் க்ளோபல் சர்ச் அண்ட் இண்டெக்ஸர்' டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. பக்கத்துல விண்டோஸ் சர்ச் பத்தி ஒரு டிக் இருக்கும், அது வேற கதை, அதைப் போட்டாலும் எடுத்தாலும் இந்தப் பிரச்சினைக்கு சம்பந்தமில்ல. அடுத்து, வராத ஃபோல்டர் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் போங்க. இந்த ஃபோல்டரை க்ளோபல் சர்ச்ல சேர்க்கணுமான்னு ஒரு டிக் அங்கயும் இருக்கு. ட்ராஷும் ஜங்க்கும் இயல்பாவே சேராது, அதனால குப்பையில கிடக்குற மெயிலை க்ளோபல் சர்ச்ல தேடிட்டு இருக்காதீங்க.

அதே ப்ராப்பர்டீஸ்ல 'ரிப்பேர் ஃபோல்டர்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் அடம் பிடிச்சா அதை அமுக்குங்க. ஐமேப் அக்கவுண்ட்ல (மெயில் சர்வர்லயே இருக்குற வகை) இருக்குற பெரிய ஃபோல்டர்னா சர்வர்ல இருந்து திரும்ப எல்லாத்தையும் இறக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல உக்காந்துட்டு இதைச் செய்யாதீங்க, அன்னைக்கு டேட்டா அவ்ளோதான்.

இப்ப நிறைய பேர் கோட்டை விடுற இடத்துக்கு வருவோம். புது மெயில் எல்லாம் வருது, பழசு மட்டும் வரமாட்டேங்குது, அதுவும் சப்ஜெக்ட்ல தேடுனா கிடைக்குது, உள்ள இருக்குற வார்த்தையில தேடுனா இல்லன்னா, அந்த மெயிலோட உள்ளடக்கம் உங்க கம்ப்யூட்டர்ல இறங்கவே இல்லன்னு அர்த்தம். தலைப்பு மட்டும்தான் இருக்கு, மிச்சம் சர்வர்ல. இல்லாததை அது எப்படி இண்டெக்ஸ் பண்ணும்? அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' திறங்க, மெசேஜை இந்த கம்ப்யூட்டர்ல வைக்கணும்ங்குற டிக்கைப் போடுங்க, கீழ கடைசி 30 நாள் மட்டும்னு யாராச்சும் மாத்தி வச்சிருந்தா எல்லாத்தையும் இறக்குன்னு மாத்துங்க. டிஸ்க்ல இடமில்லன்னா வேண்டாம், கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் ஜன்னல்ல 'ரன் சர்ச் ஆன் சர்வர்'னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுட்டு தேடுங்க, சர்வரே தேடிக் கொடுக்கும்.

ஜிமெயில்காரங்க ஒரு தடவை பிரவுசர்லயும் எட்டிப் பாருங்க. அங்க செட்டிங்ஸ்ல லேபிள் (ஜிமெயில்ல ஃபோல்டர் மாதிரி) பக்கத்துல 'ஷோ இன் ஐமேப்' டிக் இல்லன்னா அந்த லேபிள் தண்டர்பேர்டுக்கு வரவே வராது. ஒரு ஃபோல்டருக்கு இத்தனை மெயில்தான்னு அளவு வைக்கிற ஆப்ஷன் அங்க உங்களுக்குத் தெரிஞ்சா அதையும் பாருங்க, அதுல 1000-ன்னு கிடந்தா பழைய மெயில் எங்க வரப்போகுது.

இதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னாதான் கடைசி வைத்தியம், இண்டெக்ஸையே தூக்கிட்டு புதுசா போட விடுறது. ஹெல்ப் மெனுவுல (மெனு தெரியலன்னா ஆல்ட் கீ அமுக்குங்க) 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனா ப்ரொஃபைல் ஃபோல்டர்னு (உங்க மெயிலும் செட்டிங்ஸும் இருக்குற இடம்) ஒரு வரி இருக்கும், அதைத் திறங்க. திறந்துட்டு தண்டர்பேர்டை முழுசா மூடுங்க, இது முக்கியம். அங்க 'க்ளோபல்-மெசேஜஸ்-டிபி'ன்னு பேர் ஆரம்பிக்கிற எஸ்க்யூலைட் ஃபைல் இருக்கும், வருஷக்கணக்கா மெயில் இருந்தா நல்லா கொழுத்துப் போயிருக்கும். டெலீட் பண்ணாம பேரை மட்டும் மாத்துங்க, கடைசியில ஒரு 'பழசு' சேர்த்தா போதும். அது மெயில் இல்ல, மெயிலைப் பத்தின குறிப்பு மட்டும்தான், திரும்ப தண்டர்பேர்டைத் திறந்தா தானா புதுசா உருவாக்கிக்கும்.

ஒண்ணு மட்டும் கெட்டியா பிடிச்சுக்கங்க, அங்கேயே மெயில், ஐமேப்மெயில்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள இன்பாக்ஸ்னு எக்ஸ்டென்ஷனே இல்லாம ஒரு பெரிய ஃபைல் கிடக்கும். உங்க மெயிலே அதுதான். பாப் அக்கவுண்ட்ல (மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கி வச்சுக்குற வகை) அதை அழிச்சு, சர்வர்லயும் காப்பி இல்லன்னா போனது போனதுதான். அந்தப் பக்கமே போகாதீங்க.

புது இண்டெக்ஸ் உடனே முடியாது. ஆயிரக்கணக்குல மெயில் இருந்தா மணிக்கணக்கா ஓடும், எங்க நிக்குதுன்னு டூல்ஸ் மெனு, ஆக்டிவிட்டி மேனேஜர்ல தெரியும். நான் ராத்திரி லேப்டாப்பை சார்ஜர்ல போட்டு, ஸ்லீப் ஆகாம வச்சுட்டு தூங்கிடுவேன். நடுவுல தேடிப் பார்த்துட்டு இன்னும் வரலயேன்னு திரும்ப ஃபைலைத் தூக்குனா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

தமிழ்ல மெயில் எழுதுறவங்களுக்கு ஒரு தனி தொல்லை. க்ளோபல் சர்ச் வார்த்தை வார்த்தையா பார்க்கும், 'ரசீது'ன்னு தேடுனா 'ரசீதை அனுப்பவும்'னு இருக்குற மெயில் தப்பிச்சுடும். அதுக்கு க்விக் ஃபில்டர்தான் சரி, அது எழுத்து எங்க இருந்தாலும் பிடிக்கும், 'ரசீத'ன்னு பாதியில நிறுத்துங்க, ரசீது, ரசீதை, ரசீதில் எல்லாம் வந்து நிக்கும்.

மாமா கேட்ட இன்னொரு இன்வாய்ஸ் மட்டும் கடைசி வரைக்கும் தேடல்ல வரல. நம்பர் பிடிஎஃப்க்குள்ள இருந்துச்சு, மெயில்ல "இணைப்பைப் பார்க்கவும்"னு ஒரே வரி. அட்டாச்மென்டுக்குள்ள இருக்குறதை தண்டர்பேர்ட் படிக்காது. அனுப்புனவர் பேரைப் போட்டு, அட்டாச்மென்ட் உள்ளது மட்டும்னு ஃபில்டர் வச்சு, ஒவ்வொண்ணா திறந்து பார்த்தோம், ஏழாவது மெயில்ல இருந்துச்சு.