முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: நான் செய்த தவறுகளை மறுபடி செய்யாதீர்கள்

போன மாதம் நான் எடுக்கும் கிட்டார் கிளாசில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்தான். பையின் அடிப்பக்கம் கூராகத் துருத்திக்கொண்டிருந்தது. ஜிப்பைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு உடல், கொம்பு மாதிரி முனைகள், நட் (தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகளைத் தாங்கும் பட்டை) இருக்கும் இடத்தில் மூன்று அல்லன் ஸ்க்ரூ, கீழே மிதக்கும் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் உலோகப் பாகம்).

"எவ்வளவுப்பா?"

"பதினஞ்சாயிரம் சார். ஆஃபர்ல கிடைச்சது."

இந்த வருடத்தில் இது மூன்றாவது. 2003-ல் நான் வாங்கியதும் இதே ஜாதிதான். அந்தப் பையனுக்கு முதல் நாள் ஒரு கார்டுகூட (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) சொல்லித்தர முடியவில்லை. முக்கால் மணி நேரமும் டியூனிங்கிலேயே போயிற்று. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இது.

கலரைப் பார்த்து வாங்காதே, கடைக்காரர் பேச்சில் மயங்காதே போன்றவற்றை விட்டுவிடுகிறேன். சொல்லப்போனால் கலரைப் பார்த்து வாங்குவதில் தப்பே இல்லை. பிடித்த கலராக இருந்தால் தினமும் கையில் எடுக்கத் தோன்றும்.

அகௌஸ்டிக்கில் கஷ்டப்பட்ட பிறகுதான் எலெக்ட்ரிக் என்று காத்திருப்பது

எனக்கு இந்த விதியைச் சொன்னவர் சர்ச் கொயரில் வாசித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு அண்ணன். அவர் பேச்சைக் கேட்டு 900 ரூபாய்க்கு ஒரு பழைய அகௌஸ்டிக் வாங்கினேன். கல்கத்தாவில் செய்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் பென்சிலை நுழைத்துவிடலாம், அவ்வளவு உயரம். எஃப் கார்ட் பிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. விரல் நுனி தோல் இரண்டு முறை உரிந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன். முதன்முதலில் ஒரு நண்பனுடைய எலெக்ட்ரிக்கைத் தொட்டபோது சந்தோஷத்துக்கு முன்னால் வந்தது கோபம்தான். இவ்வளவு சுலபமாக அழுத்த முடியும் என்று யாருமே சொல்லவில்லையே!

கணக்கு எளிது. அகௌஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12-53 செட்டில் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் தடிமனைச் சொல்லும் எண்கள்) ஆறு கம்பிகளின் இழுவிசை சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ. எலெக்ட்ரிக்கில் 9-42 போட்டால் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீங்கள் வாசிக்க ஆசைப்படுவது எலெக்ட்ரிக்கில் வரும் இசை என்றால் அதிலேயே தொடங்குங்கள்.

மலிவு கிட்டாரில் மிதக்கும் பிரிட்ஜ்

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் கொஞ்சம் நீளும்.

நான்கு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. கடையில் ஒருவர் பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை, அதுதான் வாமி பார், பிடித்து அமுக்கிக் காட்டினார். ஸ்வரம் பாதாளத்துக்கு இறங்கி மேலே வந்தது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அது ஒரு தராசு. ஒரு தட்டில் ஆறு கம்பிகளின் இழுவிசை. இன்னொரு தட்டில் கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் மூன்று ஸ்பிரிங். பிரிட்ஜ் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு தூண் ஸ்க்ரூக்களில் கத்தி விளிம்பு மாதிரியான முனையை முட்டுக்கொடுத்து அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு தட்டும் சமமாக இருக்கும் வரை எல்லாம் சரி. ஒரு பக்கம் துளி மாறினாலும் மொத்தமும் ஆடிவிடும்.

ஆறாவது கம்பியை டியூன் செய்கிறீர்கள். தராசு சாய்கிறது, மற்ற ஐந்தும் இறங்குகின்றன. அவற்றை ஏற்றினால் ஆறாவது இறங்குகிறது. இப்படி நான்கைந்து சுற்று வர வேண்டும். பழகியவனுக்கே பத்து நிமிடம். இன்னும் காது பழகாத புதியவனுக்கு? என் மாணவன் அன்றைக்கு இரண்டு கம்பியை அறுத்தான்.

வாசிக்கும்போதும் விடாது. ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜ் லேசாக முன்னால் சாயும், கூட ஒலிக்கும் மற்ற கம்பி இறங்கிவிடும். நம் ஊர்ப் பாட்டில் பாதி கமகத்தில்தான் நிற்கிறது. ஒரு கம்பியை ஆதார ஸ்வரமாக அடித்துக்கொண்டு பக்கத்துக் கம்பியை இழுத்துப் பாடவைக்கப் பார்த்தால் ஆதாரமே வழுக்கும். உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் அழுத்தி வைத்தால் ஸ்வரம் ஏறும். டிராப் டி என்ற டியூனிங் வேண்டுமென்று ஆறாவது கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும். ஒன்பதிலிருந்து பத்து கேஜுக்கு (கம்பியின் தடிமன்) மாறினால் முதுகு மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும்.

கம்பி மாற்றுவது தனிக் கதை. இரு முனையும் பூட்டும் வகை என்பதால் கம்பியின் நுனிக் குண்டை கட்டிங் பிளேயரால் நறுக்கி, பிரிட்ஜில் செருகி, அல்லன் சாவியால் முறுக்கி, டியூன் செய்து, நட்டைப் பூட்டி, பிறகு நுண் திருகுகளால் சரிசெய்ய வேண்டும். அல்லன் சாவி தொலைந்தால் அன்றைக்கு வாசிப்பு இல்லை. என்னுடையது இரண்டாவது வாரமே தொலைந்தது.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் ஃபிளாய்ட் ரோஸ். 1979-ல் காப்புரிமை பெற்றார். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கையில் அது உலகப் புகழ் பெற்றது. பதப்படுத்திய எஃகில் செய்த நல்ல பிரிட்ஜ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எவ்வளவு ஆட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஆனால் அந்த பிரிட்ஜை மட்டும் தனியாக வாங்கவே ஒரு மலிவு கிட்டாரின் விலை ஆகும். அப்படியிருக்க, 15,000 ரூபாய் கிட்டாரில் அவர்கள் எதைப் போட்டுத் தருவார்கள்? மிருதுவான உலோகத்தில் வார்த்த நகல். சில மாதத்தில் அந்தக் கத்தி விளிம்பு மழுங்கும். அதற்கப்புறம் பாரை ஒருமுறை தொட்டால், பிரிட்ஜ் திரும்பும்போது வேறு இடத்தில் நிற்கும்.

கல்லூரி கல்ச்சுரல்ஸில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பாட்டு. லீட் (கிட்டார் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி) தொடங்கி எட்டு தாளச் சுற்று ஆகியிருக்கும். முதல் கம்பி அறுந்தது. சாதாரண கிட்டாராக இருந்தால் ஐந்து கம்பியில் சமாளித்திருப்பேன். இங்கே தராசின் ஒரு தட்டிலிருந்து சுமார் ஆறு கிலோ சட்டென்று போய்விட்டது. ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னால் இழுக்க, மிச்சம் ஐந்து கம்பியும் ஒரே நேரத்தில் ஏறின. பாட்டு ஒரு ஸ்ருதி, நான் ஒரு ஸ்ருதி. பாடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை வாசிப்பதுபோல நடித்தேன்.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? விற்க அலைய வேண்டாம். முதுகு மூடியைத் திறந்து, பிரிட்ஜின் அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் இடையே இருபுறமும் அளவாகச் செதுக்கிய மரத்துண்டை இறுக்கமாகச் செருகுங்கள். பிரிட்ஜ் அசையாது. அசையாத பிரிட்ஜ் கிட்டார் ஒன்று இலவசமாகக் கிடைத்த மாதிரி. அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் அதைத்தான் செய்துகொடுத்தேன். தச்சரிடம் வாங்கிய தேக்குத் துண்டு, செலவு இருபது ரூபாய்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று வழி. டெலிகாஸ்டர் வகை, லெஸ் பால் வகை இரண்டிலும் பிரிட்ஜ் பொதுவாக அசையாதது. முன்னது 1950-களின் தொடக்கத்தில் வந்தது, பின்னது 1952-ல். மூன்றாவது, 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகை. அதிலும் பார் உண்டு, ஆனால் பூட்டு இல்லை. முதுகில் உள்ள இரண்டு ஸ்க்ரூவை முறுக்கினால் பிரிட்ஜ் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். ஸ்க்வையர், யமஹா பசிஃபிகா, கோர்ட், ஐபனெஸ் ஜியோ என்று தேடும்போது மாடல் பெயரோடு பிரிட்ஜ் எந்த வகை என்பதையும் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு வகையும் வரும்.

ஒரு சின்ன விஷயம்: ஸ்ட்ராடோகாஸ்டரில் உள்ள பாரை எல்லோரும் டிரெமொலோ என்கிறோம். அது ஸ்வரத்தை ஆட்டுவதால் சரியான பெயர் விப்ராடோ. டிரெமொலோ என்றால் சத்தத்தை ஏற்றி இறக்குவது. குழப்பியவர் அந்த கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபென்டர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது, பாவம்.

மொத்தக் காசையும் கிட்டாரிலேயே கொட்டுவது

யானை வாங்கியவனிடம் அங்குசம் வாங்கக் காசில்லாத கதை. ஆம்புக்கு (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒரு பைசா மிச்சமில்லாமல் வீட்டு டேப் ரெக்கார்டரின் மைக் ஓட்டையில் சொருகினேன். டப்பாவுக்குள் தேனீ அடைத்த மாதிரி ஒரு சத்தம். வால்யூமை ஏற்றினேன், ஸ்பீக்கர் கிழிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆறு மாதம் சுப்ரபாதம் கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார்.

கிட்டார் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) வரும் சிக்னல் பலவீனமானது. அதை வாங்கும் இடத்தில் சுமார் பத்து லட்சம் ஓம் மின்தடை இருக்க வேண்டும். சாதாரண ஆடியோ சொருகில் அது மிகக் குறைவு என்பதால் கீச்சு ஒலி செத்துவிடும். டிஸ்டார்ஷன் (ராக் இசையில் வரும் கரடுமுரடான ஒலி) போட்டால் பிரச்சினை வேறு திசையில். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஐந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் அடங்காது, தேனீயை அப்படியே வெளியே விடும்.

கையில் 20,000 ரூபாய் இருந்தால் 13,000-க்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் சின்ன பிராக்டிஸ் ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன் ஆம்ப், நல்ல கேபிள், ஸ்ட்ராப், ஒரு செட் கம்பி, அப்புறம் செட்டப் (வாசிக்க வசதியாகச் சரிசெய்வது) கூலி. அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள் ஐம்பது வாட் ஆம்பைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். வால்யூம் ஒன்றைத் தாண்டாது, தாண்டினால் காலிங் பெல் அடிக்கும்.

செட்டப் செய்யாமலே கிட்டார் சரியில்லை என்பது

பெட்டியிலிருந்து எடுத்த மலிவு கிட்டார் வாசிக்கச் சிரமமாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து சரிசெய்ய நேரமில்லை. அதனால்தான் விலை குறைவு. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி போதும். அதைவிட அதிகமென்றால் நட் உயரமாக இருக்கிறது. புதியவர்களுக்கு முதல் ஃபிரெட் கார்டுகள் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான், விரல் இல்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர், மெல்லியதற்கு ஒன்றரை இருந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். அதே ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால்.

சேடிலை நீங்களே தொடலாம். நட்டை அரம் போடுவதை மட்டும் ரிப்பேர் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரு இழுப்பு அதிகமானால் திரும்ப ஒட்ட முடியாது.

ஆன்லைன் காம்போ

ஆம்ப், பை, பிக், டியூனர், ஸ்ட்ராப், சிடி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாயா? வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் கரகரப்புக்குப் பயந்து நெக்கை மறப்பது

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது என்று நல்ல கிட்டாரை விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் ஒரு ஸ்ப்ரே கிளீனரில் போய்விடும். நெக்கைத்தான் (கிட்டாரின் கழுத்து) பார்க்க வேண்டும். தலைப்பகுதி பின்னால் சாய்ந்த லெஸ் பால் வகைகளில் நட்டுக்குப் பின்புறம் விரிசலோ ஒட்டிய தடமோ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நெக் வளைந்திருந்து ராடும் கடைசி வரை முறுக்கியிருந்தால், விலை பாதியானாலும் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

தலையில் உள்ள லோகோவை நம்புவது

ஸ்டிக்கர் பத்து ரூபாய்.

முதல் கிட்டாரை விற்பது

எஃபெக்ட்ஸ் பெடல் வாங்க அந்தக் கல்கத்தா அகௌஸ்டிக்கை 600 ரூபாய்க்குக் கொடுத்தேன். பெடல் ஒரு வருடத்தில் போய்விட்டது. அதே மாதிரி கிட்டார் எந்த வீட்டில், எந்தக் கடையில் கண்ணில் பட்டாலும் இன்னும் சவுண்ட் ஹோலுக்குள் எட்டிப் பார்க்கிறேன். உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நீல மையில் என் இனிஷியலை எழுதியிருந்தேன்.