வாவிக்கரை வீட்டில் புத்தக அலுமாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வீட்டுக்கெனப் புத்தக அலுமாரி செய்விப்போர் பலர், கைபேசியில் பார்த்த படமொன்றை ஓடாவியாரிடம் காட்டி, அச்சொட்டாக அதைப் போலவே செய்து தரும்படி கேட்கிறார்கள். அந்தப் படங்களில் உள்ள வீடுகளுக்குக் கடற்காற்றும் இல்லை, மாரி மழையும் இல்லை, சுவரில் உப்புப் பூப்பதும் இல்லை. ஆகவே அலங்காரத்துக்கு முன் அலுமாரி நிற்கப்போகும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஹோலில் எந்தச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதோ அதிலே அலுமாரியைச் சாத்திவிடுவதுதான் முதல் தவறு. ஒரு சுவர் பல ஆண்டுகள் வெறுமையாக விடப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கக்கூடும்: பின்புறம் குளியலறையாக இருக்கலாம், அல்லது வடகீழ்ப் பருவ மழையை நேரே வாங்கும் சுவராக இருக்கலாம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி போன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில், அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இடாமல் கட்டிய பழைய வீடுகளில், நிலத்து ஈரம் சுவர் வழியே மேலேறி, பெயின்றை உரித்து, சாந்தைப் பொருபொருவென்று உதிரச் செய்யும். இதைச் சோதிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில், நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தச் சுவரை மறந்துவிட வேண்டியதுதான். வெளிப்புறத்தில் மட்டும் பூத்திருந்தால் அறைக் காற்றே ஈரமானது, அதற்கு யன்னலும் மின்விசிறியும் போதும். மார்கழியில் செய்தால் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லும். ஆவணியில் செய்தால் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான்.

சுவர் நல்லதென்று கண்டாலும் அலுமாரியின் முதுகை அதில் ஒட்ட வைக்கக் கூடாது. இரண்டு அங்குல இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். கறையான் மண்கோடு போட்டு ஏறினால் ரோர்ச் அடித்துப் பார்த்துவிடவும் முடியும். காற்றின் சாரீரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கும்போது காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், எங்கள் ஊர் மாரியில் காற்றோட்டத்தைத் தவிர மலிவான மருந்து வேறில்லை.

அடுத்தது பலகை. தளபாடக் கடைகளில் மினுமினுப்பான மெலமைன் தாள் ஒட்டி விற்கப்படுகிற சிப்போர்ட் அலுமாரிகள், மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்தவை. ஈரம் பட்டால் ஓரங்கள் உப்பும், உப்பிய இடத்தில் திருகாணி பிடிக்காது. பணம் போதாதென்றால் சிறிய அலுமாரியாக இருந்தாலும் பரவாயில்லை, தேக்கிலோ முதிரையிலோ செய்விப்பதுதான் கடைசியில் மலிவு என்பது என் எண்ணம். மரம் எதுவானாலும் தட்டை நீளமாக விடுவது பெரும் பிழை. மூன்றடித் தட்டொன்றில் தடித்த அட்டை நூல்களை நெருக்கி அடுக்கினால் 25 கிலோவுக்குக் குறையாத சுமை ஏறும். ஒரே தடிப்புள்ள பலகையின் நீளத்தை இரட்டித்து அதையும் முழுக்கப் புத்தகத்தால் நிரப்பினால், தொய்வு இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. தடிப்பை இரட்டித்தால் அது எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகவே 18 மில்லிமீற்றர் சிப்போர்ட் என்றால் இரண்டடிக்கு ஒரு தாங்கு, ஓர் அங்குல நல்ல மரம் என்றால் மூன்றடிக்கு ஒரு தாங்கு என்று ஓடாவியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படத்தில் ஆறடி நீளத்துக்கு இடையில் தாங்கு எதுவுமின்றி ஓடும் தட்டில் ஏழெட்டுப் புத்தகங்களும் ஒரு பூச்சாடியும்தான் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆணி, திருகாணி, பிணைச்சல் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பதும் கடற்கரை வீட்டுக்கு ஒத்துவராது. சாதாரண இரும்பு துருவேறி மரத்தில் கறுப்புக் கறையை விடும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போட வேண்டும். உயரமான அலுமாரியின் தலைப்பகுதியை துருப்பிடிக்காத எஃகுக் கோணத்தால் சுவரோடு பிணைக்காமல் விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தட்டு என்பது ஏணி. பாரமான அகராதிகளும் கோவைகளும் கீழே இருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

கண்ணாடிக் கதவு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூசிக்கு அது நல்லது. ஆனால் முழுதும் அடைத்த கண்ணாடிக்குள் ஒருமுறை புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி நின்றுவிடும். பின்பலகையில் மேலும் கீழுமாகச் சில துளைகள் இட்டு, எலி, கரப்பான் புகாதபடி மெல்லிய வலை அடித்தால் அந்தக் குறை தீரும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும். இந்த ஏற்றத் தாழ்வுக்கு இடம் விடாமல் இறுக்கமாகப் பொருத்திய வழுக்குக் கதவு ஆடியில் அழகாக ஓடி, மார்கழியில் இழுக்க இழுக்க அசையாது. வெயில் விழும் பக்கமென்றால் கண்ணாடி உதவாது. சிவப்பும் மஞ்சளுமான புத்தக முதுகுகள் முதலில் வெளிறிப்போகும். மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிடுங்கள். வெயிலும் மறையும், அறைக்கும் ஒரு களை வரும்.

இனி அலங்காரம். புத்தகத்துக்கு முன்னால் பொருள் வைப்பதுதான் இங்கு அதிகம் நடக்கும் தவறு. பாடசாலைக் கேடயங்கள், கலியாணப் படங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மைகள் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிட, பின்னாலிருக்கும் புத்தகத்தை எடுக்க ஐந்து பொருட்களை நகர்த்த வேண்டியிருப்பதால் யாரும் எடுப்பதில்லை. பொருட்களுக்கென்று ஒரு தட்டைத் தனியே ஒதுக்குங்கள். மீதித் தட்டுகளில் முன்விளிம்பு வெறுமையாக இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தலில் வளரும் மணி பிளான்ற் அலுமாரிக்குள் வேண்டவே வேண்டாம். விளக்கும் ஊதுபத்தியும் அப்படியே. சரஸ்வதி பூசைக்கு வைக்கும் புத்தகங்களில் சந்தனமும் குங்குமமும் நேரே இட்டால் எண்ணெய்ப்பசையோடு கறை ஊறிவிடும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதில் இட்டால் பூசைக்கு ஒரு குறையும் வராது.

நிறவாரியாக அடுக்கும் வழக்கம் படங்களில் கண்ணைப் பறிக்கிறது. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது இரண்டு நாட்கூட நிற்காது, ஏனெனில் முதுகில் பெயர் தெரியாத மெல்லிய பாடநூல்களும் கொப்பிகளும் கடந்தகால வினாத்தாள் கட்டுகளும் நிறத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றை நிமிர்த்தி வைத்தால் சரிந்து வளையும். பாடத்துக்கொரு பெட்டி வைத்து, பெட்டியில் பெயர் எழுதுவது மேல். சிறு பிள்ளைகளின் படக்கதைகளை இரண்டடிக்கு மேல் வைக்காதீர்கள். பன்புல்லில் இழைத்த பெட்டியொன்றில் போட்டுத் தரையில் விட்டாலும் போதும். திருமுறையும் குர்ஆனும் வேதாகமமும் உயரத் தட்டில் இருப்பதை இங்கு எந்த வீட்டிலும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழ்த்தட்டைத் தரையோடு அமைப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையையும், 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டங்கள் இவை. ஆழிப்பேரலைக்கு எந்த அலுமாரியும் ஈடுகொடுக்காது. ஆனால் வீட்டுக்குள் அரையடி ஏறி இறங்கும் வெள்ளம் அடிக்கடி வருவது, அதற்கு ஓரடி உயரக் கால்கள் போதும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைக் கோவையில் போட்டுப் புத்தகங்களோடு கீழே செருகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அவை மேல்தட்டில், பொலித்தீன் உறையில், ஒரே கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பையில் இருக்க வேண்டும்.

அலுமாரியைத் திருத்தும்போது பழையவற்றைக் கழிப்பதிலும் அவசரம் கூடாது. கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை விழா மலர்கள், ஊர்ச் சங்கங்கள் வெளியிட்ட சிறு பிரசுரங்கள் எல்லாம் சில நூறு பிரதிகளோடு நின்றுபோனவை. அம்மப்பாவின் பெட்டியில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். பழைய தாள்காரரிடம் நிறுத்துப் போடுமுன், இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிழிந்த பக்கத்தை செலோரேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்துவிடும்.

பூச்சிக்குப் பச்சை வேப்பிலை செருகுவோர், ஈரத்தையும் சேர்த்தே செருகுகிறார்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து வைக்கலாம், மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றலாம். மாரி முடிந்து மாசி, பங்குனியில் எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்துத் தட்டுகளைத் துடைப்பது நல்லது. அப்போதும் நேர் வெயிலில் பரப்பாமல் விறாந்தை நிழலில், காற்றுப்படும்படி விரித்து நிறுத்தி வையுங்கள். நனைந்த மினுக்கத் தாள் நூல்கள் மட்டும் காத்திருக்கா. பக்கங்கள் ஒட்டிக்கொள்ளுமுன், அதே நாளிலேயே, இடையிடையே உறிஞ்சும் தாள் வைத்து மின்விசிறியின் கீழ் நிறுத்த வேண்டும்.