டிராகனை வரைந்தால் சீனர்கள் ஷூ வாங்கிவிடுவார்களா?

சீனாவுக்கென்று விளம்பரம் எடுக்க உட்காரும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் பிராண்டுகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது டிராகன்தான். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம். 2004-இல் நைக்கி விளம்பரம் ஒன்றில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு குங்ஃபூ ஆசானையும் இரண்டு டிராகன்களையும் வீழ்த்திவிட்டுப் போவார். நம் வீட்டுத் தாத்தாவை ஒருவன் வந்து அடித்துப்போட்டுவிட்டு, இந்தா இந்த ஷூவை வாங்கிக்கொள் என்றால் எப்படி இருக்கும்? அந்த டிசம்பரிலேயே சீன அரசு அதைத் தடை செய்தது.

சரி, அடிக்காமல் வாழ்த்தலாம் என்று 2016 சீனப் புத்தாண்டுக்கு அதே நைக்கி ஒரு ஷூவில் 'ஃபா' என்ற எழுத்தையும் இன்னொன்றில் 'ஃபு' என்ற எழுத்தையும் போட்டது. முன்னது செல்வம் சேர்வதையும் பின்னது நற்பேற்றையும் குறிக்கும், தனித்தனியாக இரண்டும் மங்கலமான சொற்கள், ஆனால் சேர்த்துப் படித்தால் 'ஃபாஃபு', அதாவது சதை போடுவது! ஜோடியாகத்தானே காலில் மாட்டுவார்கள், ஜோடியாகப் படித்துப் பார்க்க வேண்டாமா?

இத்தனைக்கும் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் இல்லை. அதே நைக்கியின் 2020 புத்தாண்டு விளம்பரத்தில் ஒரு சிறுமிக்கு அத்தை பணம் வைத்த சிவப்பு உறை நீட்டுவார். கொடுத்ததும் வாங்குவது மரியாதை இல்லை என்பதால் அவள் ஓடுவாள், அத்தை துரத்துவார், வருடாவருடம் இதே ஓட்டம். கடைசியில் வளர்ந்துவிட்ட அவள் உறையை நீட்ட, அத்தை ஓடுவார். டிராகனே இல்லை, எந்த வீட்டிலும் நடக்கிற கூத்து. ஓடுவதற்கு ஷூவும் வேண்டுமே!

அப்புறம் பெயர். சீனப் பெயரை முதலிலேயே பதிவு செய்யாமல் விட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைச் சீனர்கள் அழைக்கும் 'சியாவ்தான்' என்ற பெயரிலேயே உள்ளூர் நிறுவனம் ஒன்று ஷூ விற்றது. 2012-இல் வழக்குப் போட்ட ஜோர்டனுக்கு, சீன எழுத்தில் உள்ள அந்தப் பெயர் தொடர்பான சாதகமான தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் 2016 கடைசியில்தான் கிடைத்தது.

எல்லாவற்றையும் நட்சத்திரங்களின் தலையில் கட்டுவது இன்னொரு தவறு. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் விளையும் பருத்தியில் கட்டாய உழைப்பு இருக்கலாம் என்று பிராண்டுகள் முன்பு வெளியிட்டிருந்த அறிக்கைகள் 2021 மார்ச்சில் சீன இணையத்தில் பெரும் கோபமாக வெடித்தன. நைக்கியின் முகமாக இருந்த நடிகர் வாங் யீபோ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார், அடிடாஸ் முகங்களும் வரிசையாக விலகின. ஆன்டாவும் லீ நிங்கும் உள்ளூர் ஸ்போர்ட்ஸ் பிராண்டுகள், அந்தச் சண்டையில் அவர்கள் தனியாக விளம்பரம் எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.