நாயகனின் நண்பனை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக எழுத வருபவர்களின் கதைகளையும் திரைக்கதைகளையும் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. நாயகன் எழுதுபவருக்கு எழுதுபவர் மாறுகிறான். வில்லன்கூட மாறுகிறான். நாயகனின் நண்பன் மட்டும் யார் எழுதினாலும் ஒரே ஆள்தான். கூப்பிட்டால் வருவான், கேட்டால் கொடுப்பான், நாயகனுக்கு விழவேண்டிய அடியை வாங்குவான், கதை முக்கால்வாசி ஓடியதும் செத்துப்போவான். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் என் கதைகளிலும் இவன்தான் திரிந்துகொண்டிருந்தான், அதனால் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

நண்பனும் நாயகனும் ஒரே குரலில் பேசுவது, பாதிக் கதையில் நண்பனின் பெயர் மாறிவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது அவை தாமாகவே கண்ணில் படும். படாமல் தப்பிப்பவை வேறு.

முட்டாளாக்குவது

நாயகனைப் புத்திசாலியாகக் காட்டவேண்டுமா? பக்கத்தில் ஒரு முட்டாளை நிறுத்து. இந்தக் குறுக்குவழிக்குப் பலர், துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். மூலக்கதைகளைப் படித்திருந்தால் இழுக்க மாட்டார்கள். 1887-ல் வந்த முதல் கதையிலேயே வாட்சன் ராணுவ மருத்துவர், ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போரில் குண்டடி பட்டுத் திரும்பியவர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அவற்றில் 56 கதைகளைச் சொல்பவர் அவர்தான். முட்டாள் ஒருவனின் வாயால் அத்தனை கதைகளை யார் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்? வாட்சன் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம், அவர் கோட்டைவிடும் இடத்தில் நாமும் கோட்டைவிடுகிறோம். விவரம் உள்ள ஒருவரே கோட்டைவிட்டதால்தான் ஹோம்ஸின் விளக்கம் நம்மை அசத்துகிறது.

1939 முதல் 1946 வரை வந்த 14 படங்களில் நைஜல் புரூஸ் இதே வாட்சனைத் தடுமாறும், உளறும் ஆசாமியாக நடித்தார். ரசிக்கும்படிதான் இருந்தது. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது, இந்த ஆளை ஹோம்ஸ் எதற்குக் கூடவே வைத்திருக்கிறார் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. சுஜாதாவின் வசந்த் அசடு வழிவான், ஜோக் அடிப்பான், பெண்களைக் கண்டால் வழுக்குவான். ஆனால் அவனும் கணேஷைப்போல வக்கீல்தான். மண்டை வேகமாக வேலை செய்யும். விளையாட்டுத்தனமும் முட்டாள்தனமும் ஒன்று என்று நினைப்பவர்கள் வசந்தைத் திரும்பப் படிக்கலாம்.

காரணமே இல்லாத விசுவாசம்

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. எழுதுகிறவருக்கும் மற்றதைவிட இதுதான் அதிகச் செலவு வைக்கிறது.

ஒரு இணையத் தொடரின் திரைக்கதையைச் சீர்செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது படப்பிடிப்பு பாதி முடிந்திருந்தது. நாயகன்மேல் பொய் வழக்கு. அவனுக்காக நண்பன் வேலையை விடுகிறான், வண்டியை விற்கிறான், காவல் நிலையத்தில் மிதிபடுகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் முதல் நாளே கேட்டிருக்கிறார்: "சார், நான் ஏன் இவனுக்காக இவ்வளவு செய்யறேன்?" இயக்குநர் சொன்ன பதில், "நண்பன்ப்பா. அதுக்கு மேல என்ன வேணும்?"

கடைசி அத்தியாயத்தில் அந்த நண்பன் நாயகனைக் காட்டிக்கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். தொடரே அந்தத் திருப்பத்தை நம்பித்தான் நின்றது. காகிதத்தில் படித்தபோது எல்லோருக்கும் புல்லரித்திருக்கிறது. எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எதனால் கூட நின்றான் என்றே தெரியாதவன், எதனால் விலகினால் நமக்கென்ன? பின்னணி இசையைக் கூட்டிப் பார்த்தார்கள். நண்பனின் கண்ணுக்கு அருகே கேமராவைக் கொண்டுபோனார்கள். அந்தக் கண்ணில் அழுகை இருந்தது, காரணம் இல்லை.

அப்புறம் என்ன, திரும்ப எடுத்தார்கள். நண்பனின் படிப்புச் செலவை நாயகனின் அப்பா கட்டிவந்தார் என்று ஒரு சரடு சேர்த்தோம். அந்த உதவியை நாயகனின் வீட்டில் யாராவது அவ்வப்போது சொல்லிக்காட்டுவார்கள். நண்பனின் அக்காவுக்கு அது பிடிக்காது. "இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கடனைக் கட்டப் போற?" என்று ஒரே ஒரு இடத்தில் கேட்பாள். கலைத்த செட்டை அதற்காக மறுபடி போட்டார்கள், வேறு படத்துக்குப் போய்விட்ட நடிகர்களின் தேதிகளைக் கெஞ்சி வாங்கினார்கள். முதல் வரைவில் ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இயக்குநர் அதற்குப் பிறகும், ரசிகர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேவையில்லை என்பவர்கள் சங்க அகப்பாடல்களின் தோழியைப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அவள் யார் என்பதைத் தொல்காப்பியம் சொல்லிவிடுகிறது: தலைவியை வளர்த்த செவிலித்தாயின் மகள். தலைவியோடு ஒரே மடியில் வளர்ந்தவள். விசுவாசத்துக்கு வேர் கிடைத்துவிட்டது. அந்த வேரில் நின்றுகொண்டு அவள் தலையாட்டுவதில்லை. இரவில் வராதே, வழி ஆபத்து என்று தலைவனைத் தடுக்கிறாள். எப்போது மணந்துகொள்ளப் போகிறாய் என்று நெருக்குகிறாள். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்புகிறவனை வாசலிலேயே மறித்துத் திருப்பியனுப்புகிறாள். கட்டாயம் வரும்போது, தலைவி காத்துவந்த ரகசியத்தைச் செவிலியிடம் அவளே உடைத்துவிடுகிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். ரகசியத்தை உடைப்பதும் விசுவாசத்தில் சேர்த்தி என்று அப்போதே கண்டுகொண்டிருக்கிறார்கள். நம் திரைக்கதைத் தோழிகளோ கைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் நாயகியிடம் "யாருடீ அது?" என்று கேட்பதோடு சரி.

காரணம் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. செர்வாந்தேஸின் ஸ்பானிய நாவலில் தொன் கிஹோத்தேயோடு அவருடைய பணியாள் சாஞ்சோ பான்சா கிளம்புவது, ஒரு தீவுக்கு ஆளுநர் ஆக்குகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததால்தான். 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில், மறுபடி கிளம்பும்முன் மாதச் சம்பளம் பேசுகிறான். அவர் மறுக்கிறார். உனக்குப் பதில் நான் வருகிறேன் என்று இன்னொருவன் முன்வந்ததும் சாஞ்சோ கண்ணில் நீர் தளும்பக் கூடவே போய்விடுகிறான். சம்பளம் கேட்டவன் அழுததால்தான் அந்த அழுகையை நம்புகிறோம். பேராசையும் பாசமும் ஒரே ஆளிடம் இருக்கலாம். சொல்லப்போனால் இருக்கவேண்டும்.

கம்பனின் கும்பகர்ணன் வேறு ரகம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான், திட்டு வாங்குகிறான், தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். வீடணன் வந்து கூப்பிட்டபோது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அவன் இராவணனை எதிர்த்துப் பேசியதை முதலில் பார்த்துவிட்டதால்தான் இந்தப் பதிலுக்கு எடை. எதற்கும் மறுப்பே சொல்லாத ஒருவன் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

இதையெல்லாம் சொன்னால் புதியவர்கள் உடனே ஓடிப்போய் ஒரு பிளாஷ்பேக் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சிறு வயதில் ஆற்றில் மூழ்கிய நண்பனை நாயகன் காப்பாற்றுகிறான். ஏன் எப்போதும் ஆறு என்று எனக்குத் தெரியவில்லை. என்றோ நடந்து முடிந்த ஒன்று இன்றைய காட்சியில் எதையும் அசைப்பதில்லை. காரணம் இப்போதும் உயிரோடு இருக்கவேண்டும்: இன்னும் அடையாத கடன், இன்னும் கிடைக்காத தீவு, இன்னும் விடாத குற்ற உணர்ச்சி. அப்போதுதான் அது ஒவ்வொரு காட்சியிலும் கூடலாம், குறையலாம், ஒருநாள் தீர்ந்தும் போகலாம்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நாயகன் கூப்பிடாத நாளில் இவன் என்ன செய்துகொண்டிருப்பான்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. "கடையில டீ குடிச்சிட்டிருப்பான் சார்" என்று ஒருவர் சொன்னார். சரி, அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வரும்போது அவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் எழுதிக்கொண்டுவந்த மூன்று பக்கம் நன்றாகவே இருந்தது. நாயகன் வரும் பக்கங்களைவிட.

கண்ணீருக்காகக் கொல்வது

நண்பன் செத்தால் வாசகர் அழுவார் என்று யார் சொன்னது?

அமெரிக்கச் சித்திரக்கதை நாயகன் பேட்மேன் 1939-ல் வந்தான், அவனுக்குத் துணையாக ராபின் 1940-ல். அந்தப் பெயரை ஏற்ற இரண்டாவது பையன் ஜேசன் டாட். 1988-ல் அவனை வெடிவிபத்தில் சிக்கவைத்து, பிழைக்கட்டுமா சாகட்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கில் பையன் போய்ச் சேர்ந்தான். ஏற்கெனவே பல வாசகர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போயிருந்தது. சாவைக் காட்டி மிரட்டியும் பாதிப்பேர் மனம் இரங்கவில்லை. 2005-ல் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள், அது வேறு கதை.

முன்னால் பாசம் சேர்க்காமல் கொன்றால் கிடைப்பது இவ்வளவுதான். பாசம் சேர்த்திருந்தாலும், கொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் செத்த பிறகு நாயகனுக்குக் கோபம் வருவதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் சாவு வீண். அவன் செய்துவந்த வேலை இனி நடக்காமல் நின்றுபோக வேண்டும். அவன் மட்டுமே அறிந்திருந்த ஒன்று அவனோடு போகவேண்டும்.

ஜோக் அடிக்க மட்டும் ஒருவன்

பழைய நாடகங்களில் அரசனின் கோமாளி நண்பனாக வரும் விதூஷகனைச் சாப்பாட்டு ராமன் என்று ஒதுக்கிவிடுகிறோம். காளிதாசன் சாகுந்தலத்தில் அவனை வைத்துக் கதையையே நகர்த்தியிருக்கிறார். சகுந்தலைமேல் வந்த காதலை அவனிடம் சொன்ன துஷ்யந்தன், அவனைத் தலைநகருக்கு அனுப்பும்போது, நான் சொன்னதெல்லாம் விளையாட்டு என்று சொல்லிவிடுகிறான். அவனும் நம்பிவிடுகிறான். சாபத்தால் அரசன் எல்லாவற்றையும் மறந்தபின், நினைவூட்டியிருக்கக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்காததற்கு அந்த 'விளையாட்டு' காரணம். அரசன் பின்னால் கேட்கும்போது, நீதானே விளையாட்டு என்றாய் என்கிறான். சிரிக்க வைப்பவன் ஒரு வேடிக்கைப் பேச்சை நம்பியதால் நேர்ந்த துயரம்! உங்கள் நண்பனின் ஜோக்குகளை எல்லாம் எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அவன் கதைக்குள் இன்னும் வரவேயில்லை.

"உனக்குத்தான் தெரியுமே..."

நண்பனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை, வாசகருக்காக நாயகன் அவனிடமே விளக்குவது இப்படித்தான் தொடங்கும். தெரியுமென்றால் சொல்லாதீர்கள்.

இரண்டு நண்பர்கள், ஒரே வேலை

ஒருவரை வெட்டுங்கள். எவரை வெட்டுவது என்று தெரியவில்லையா? எவரை வெட்டினாலும் சரிதான்.

கடைசியில் மறந்துவிடுவது

நாயகன் ஜெயிக்கிறான், நாயகியோடு சேருகிறான், முற்றும். இவ்வளவு நேரம் கூடவே ஓடியவன் எங்கே? கட்டுப்போட்ட கையோடு கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பான். வேலையை விட்டானே, வண்டியை விற்றானே, அதெல்லாம் என்ன ஆயிற்று? நாயகனுக்கே அந்த நினைவு இல்லை.

செர்வாந்தேஸ் இதை மறக்கவில்லை. மரணப் படுக்கையில் கிஹோத்தே எழுதிவைக்கும் உயிலில், சாஞ்சோவிடம் இருக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்கக்கூடாது, அவனுக்குத் தரவேண்டியது போக மிஞ்சினாலும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். சாஞ்சோ, சாகாதீர்கள் ஐயா, எழுந்திருங்கள், வயல்வெளிக்குப் போவோம் என்று அழுகிறான். அதே வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், சாஞ்சோவும் உற்சாகமாகத்தான் இருக்கிறான். ஏதோ கொஞ்சம் சொத்து வரப்போகிறது என்றால் துக்கம் சற்று மட்டுப்படும் என்று கதைசொல்லி சேர்த்துக்கொள்கிறார். இதை எழுதும் துணிச்சல் வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் அழுகையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நாய்

ஒரு நாயை அறிமுகப்படுத்திவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியிலும் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். நண்பனைப் பற்றிக் கேட்காத வாசகர்கூட நாயைப் பற்றிக் கேட்பார்.