ஹெட்டைத் திறக்கும் முன்: அவுட்போர்டு எஞ்சின் வேலை பழக வருகிறவர்களுக்கு

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். எந்தத் துறையில் போய் நின்றாலும் கரையேற்றிய ஃபைபர் வள்ளங்களின் பின்னால் யமஹாவோ சுசுகியோ, ஒரு அவுட்போர்டு எஞ்சின் தொங்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களே அதிகம். பெட்ரோலில் ஓடுவதும் உண்டு, மண்ணெண்ணெயில் ஓடுவதும் உண்டு. ஆகவே இந்த வேலைக்கு நம் ஊரில் பஞ்சமே வராது. பொறுமையாகப் பழகுகிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

பழக வருகிற பையன்களுக்கு எல்லாம் ஒரே ஆசை: வந்த அன்றைக்கே ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றி பிஸ்டனைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலையே தேவைப்படாது. எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ) வரும் வழி, தீப்பொறி, தண்ணீர் ஓட்டம், இந்த மூன்றில் எங்கோ ஒரு சின்னக் கோளாறாக இருக்கும். அதைத் திறக்காமலே கண்டுபிடிக்கப் பழகுவதுதான் முதல் பாடம். கீழே சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. மெக்கானிக் டீசல் மாதிரி ஒரு தொழிற்பிரிவு படித்துவிட்டு வந்தால் அளவுக்கருவி பிடிக்கவாவது கை பழகியிருக்கும். சிஃப்நெட் என்ற மத்திய அரசு மீன்வளப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் வளாகங்கள் உண்டு. அங்கே மரைன் ஃபிட்டர் கோர்ஸ் 2 ஆண்டு. அது பெரும்பாலும் விசைப்படகின் பெரிய எஞ்சினை நோக்கிய படிப்பு. வள்ளத்து எஞ்சினைக் கடைசியில் ஒரு ஆசானிடம் நின்றுதான் பழக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியது

8 முதல் 19 வரை ஸ்பானர் செட், பாக்ஸ் செட், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், கட்டிங் பிளையர், நல்ல திருப்புளி. டார்க் ரெஞ்ச் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இவற்றோடு ஒரு பெரிய டிரம்மும் அதை நிரப்ப நல்ல தண்ணீரும் கட்டாயம். டிரம் இல்லாத பட்டறையில் எஞ்சின் வேலை பழகாதீர்கள்.

காரணம் இதுதான். இந்த எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சுவது கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு ரப்பர் சக்கரம், இம்பெல்லர். அது சுற்றும்போது வழுக்கிக்கொடுப்பதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் சில வினாடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கும். "சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம்" என்று ஸ்டாண்டில் மாட்டியபடியே கயிற்றை இழுக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

டிரம்மில் தண்ணீர், புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், மெதுவான ஓட்டத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

படி 1: எண்ணெய் வருகிறதா

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் வந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள். முதலில் டாங்கைப் பாருங்கள். டாங்க் மூடியில் காற்று போக ஒரு திருகு உண்டு. அதைத் திறக்க மறந்தால் எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிக் கொஞ்சத் தூரம் ஓடி, நடுக்கடலில் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடும். இதற்குப்போய்க் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஹோஸில் இருக்கும் ரப்பர் பந்து. அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். அமுக்க அமுக்கக் கெட்டியாக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் ஊசி மூடாமல் எண்ணெய் வழிகிறது. ஓடும்போது பந்து உள்ளே ஒட்டிச் சுருங்கினால் அடைப்பு டாங்க் பக்கம்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டாங்கின் அடி எண்ணெயைப் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

ஆயில் கலவையையும் கேளுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு வழக்கமான அளவு 50:1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. புது எஞ்சினுக்கு ஓடிப் பழகும் வரை 25:1. மண்ணெண்ணெய் மாடலுக்கு ஆயில் கூடுதல். அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவுதான் சரி, பக்கத்து வள்ளக்காரர் சொல்லும் அளவு அல்ல. ஆயில், தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டிசிடபிள்யூ-3 ரகமாக இருக்க வேண்டும். காருக்கு ஊற்றும் ஆயில் இங்கே ஆகாது.

படி 2: தீப்பொறி

முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சில், சிவப்பு நாடாவோடு வரும் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி "தீப்பொறி இல்லை" புகார் அங்கேயே தீரும். பிறகு பிளக்கைக் கழற்றி, வயர் முனையில் உள்ள பிளக் மூடியில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதியை எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்து எண்ணெய் ஆவி வெளியே வரும், குப்பென்று பிடிக்கும்.

பிளக்கின் நிறத்தை வாசிக்கப் பழகுங்கள். இளம் பழுப்பு நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடுதல் அல்லது சரியாகத் தீப்பிடிக்கவில்லை. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் எஞ்சின் சூடாகிறது. வெள்ளி நிறப் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேற்கொண்டு ஓட்டாமல் ஆசானைக் கூப்பிடுங்கள். இரண்டு பிளக்கில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜ் முள் ஏறுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ஹெட்டைத் திறக்கும் பேச்சே.

படி 3: தண்ணீர் ஓட்டம்

எஞ்சின் ஓடும்போது பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் வள்ளக்காரர் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஆனால் நின்றவுடன் இம்பெல்லர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். துளையில் உப்பும் மணலும் அடைத்திருக்கலாம். ஒரு துண்டு தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை ஏதாவது உறிஞ்சும் வாயில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"தண்ணி வருது அண்ணே, ஆனா கொதிக்கக் கொதிக்க வருது" என்று ஒருவர் வந்தால் பம்ப் வேலை செய்கிறது, தெர்மோஸ்டாட்டிலோ உள்வழியிலோ உப்புப் படிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இம்பெல்லர் மாற்றுவதுதான் பழகுகிறவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய முழு வேலை. பிளக் மூடியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கியர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்களை எடுங்கள். சில மாடலில் ஒரு போல்ட் புரொப்பல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உப்பில் பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவையுங்கள். முறிந்த போல்ட்டைத் தோண்டி எடுப்பது இம்பெல்லர் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

கீழ்ப்பகுதி கழன்று வந்ததும் நீண்ட ஷாஃப்டின் அடியில் பம்ப் கூடு தெரியும். அதைத் திறந்து மேலே உருவினால் இம்பெல்லர். அதை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு சாவி தரையில் விழுந்து காணாமல் போகும் ஜாதி. அடியில் ஒரு வெள்ளைத்துணி விரித்துக்கொள்ளுங்கள். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று முறிந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடியே ஆக வேண்டும். அது மேலே தண்ணீர்க் குழாயில் ஏறி அடைத்துக்கொண்டிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாவதற்கு அதுவே காரணமாகும். கூட்டின் உட்பக்கத்திலும் அடித்தகட்டிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். மணல் கலங்கின தண்ணீரில் இறங்கி ஏறும் நம் வள்ளங்களில் இது சீக்கிரமே தேயும்.

புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவி, கூட்டை மெல்ல அழுத்திக்கொண்டே ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். இதழ்கள் தாமாக மடங்கி உள்ளே போகும். கேஸ்கட் புதிது போடுங்கள். ஷாஃப்டின் பல்லில் கிரீஸ் தடவுங்கள், உச்சந்தலையில் தடவ வேண்டாம். அது சரியாக உட்காராமல் தடுக்கும். தண்ணீர்க் குழாய் அதன் ரப்பருக்குள் நுழைந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள். முன், நியூட்ரல், பின் மூன்றும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு டிரம்மில் ஓட்டுங்கள்.

படி 4: கியர் ஆயில்

கீழ்த் திருகை முதலில் கழற்றி, பிறகு மேல் திருகு. வரும் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் ஏறியிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். பத்துக்கு ஐந்து முறை தங்கூசி வலையின் நரம்பு இறுகச் சுற்றி சீலை அறுத்திருக்கும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியே ஏற்றுங்கள்; மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் மேல் திருகைப் பூட்டி, அதன் பிறகே கீழ் டியூபை எடுக்க வேண்டும். வாஷர் இரண்டும் புதிது.

மண்ணெண்ணெய் எஞ்சின்

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டி நிறுத்த வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் களைப்பில் விட்டுவிடுவார்கள். மறுநாள் விடியலில் கார்புரேட்டரில் நிற்பது மண்ணெண்ணெய்; குளிர்ந்த எஞ்சின் அதில் பிடிக்காது. கரி சேர்வதும் அதிகம், பிளக்கை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கவிழ்ந்த எஞ்சின்

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். வள்ளங்கள் அப்போதும் போகும். ஆனி ஆடிக் கடலில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் துறைமுக வாயிலிலும் அலை தூக்கிப் போட்டு வள்ளம் கவிழும். ஆட்கள் கரை சேர்ந்த பிறகு எஞ்சினை இழுத்துக்கொண்டு உங்களிடம் வருவார்கள்.

அதைத் துடைத்து வெயிலில் காயவைக்கச் சொல்வார்கள். கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் பட்ட பேரிங் காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே வேலை பார்க்க முடியாவிட்டால் எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மிலேயே முழுக்கப் போட்டு வையுங்கள். கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

வேலை தொடங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். மணலுக்குள் புதைந்ததா? ஆம் என்றால் கயிற்றை இழுக்கவே கூடாது, முழுக்கப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியதா? ஆம் என்றால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள், எங்கேயாவது தட்டினால் நிறுத்திவிட்டு ஆசானிடம் கொடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் எஞ்சினின் மேல் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டர் கிண்ணம், ஹோஸ், டாங்க் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். பழைய எண்ணெய் வேண்டாம். வயர் இணைப்புகளைப் பிரித்து உலர்த்துங்கள். பிளக் ஓட்டையிலும் கார்புரேட்டர் வாயிலும் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுப் பலமுறை இழுங்கள். புது பிளக், புது எண்ணெய் போட்டு டிரம்மில் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அந்தச் சூட்டில்தான் போகும். இவ்வளவும் கவிழ்ந்த சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். மறுநாள் பிளக்கையும் கியர் ஆயிலையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எஞ்சினைக் கொடுங்கள். ஒரு வாரம் தொழிலுக்குப் போய்விட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லி அனுப்புங்கள்.