கொள்ளிடத்துக்கு இரண்டு கோப்புகள்: பாதைகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறேன். சொந்த மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் லினக்ஸ் சர்வரில் ஏற்றியவுடன் ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிடும்போது அவர்கள் விழிக்கும் விழிப்பு எனக்குப் புதிதன்று. நானும் ஒரு காலத்தில் அப்படியே விழித்தவன். எழுத்துப்பிழை, தவறான ஃபோல்டர் போன்றவற்றை அவரவரே கண்டுகொள்வார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

சாய்கோட்டைக் கையால் ஒட்டுதல்

கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரியே பாதை. லினக்ஸும் மேக்கும் அதை முன்சாய்கோட்டால் (/) பிரிக்கின்றன. விண்டோஸ் பின்சாய்கோட்டால் (\) பிரிக்கிறது. விண்டோஸுக்கு முன்னோடியான எம்.எஸ். டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர்களே இல்லை. அதில் முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பக் குறியாகப் புழங்கத் தொடங்கிவிட்டதால், 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது பாதைக்குப் பின்சாய்கோடு வாய்த்தது. பைத்தான், ஜாவா ஆகிய நிரல் மொழிகளில் மேற்கோள்குறிக்குள் வரும் பின்சாய்கோட்டுக்குத் தனி வேலை உண்டு: அதை அடுத்துச் சிறிய ‘என்’ வந்தால் புதிய வரி, சிறிய ‘டி’ வந்தால் டேப். நெல் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி ஃபோல்டருக்குப் பெயராக வைத்த மாணவர் ஒருவருக்குப் பாதை நடுவில் ஒடிந்து, ‘எல்’ மட்டும் அடுத்த வரியில் போய் விழுந்தது. பாதைகளைக் கையாளவென்றே பைத்தான் 3.4 முதல் பாத்லிப் என்னும் தொகுதி இருக்கிறது, ஜாவா 7 முதல் பாத் இருக்கிறது. ஒட்டும் வேலையை அவற்றிடம் விட்டுவிடுவதே முறை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

கோப்புப் பெயரில் இவ்விரண்டையும் லினக்ஸ் வேறுபடுத்தும், விண்டோஸும் மேக்கும் இயல்பு நிலையில் வேறுபடுத்தா. ஆங்கிலப் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்திலேயே வையுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றென்று நம்புதல்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. விவசாயிகள் குழு ஒன்றுக்காக, சம்பா அறுவடை நாட்களில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் கொள்முதல் நிலையத்துக்குச் சென்ற மூட்டைகளைக் கூட்டிச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். ஊருக்கு ஒரு கோப்பு. ஊரின் பெயரே, தமிழிலேயே, கோப்பின் பெயர். கோப்புகள் ஒரு பழைய மேக்கில் உருவாகி லினக்ஸ் சர்வருக்கு வந்தன. நிரலில் ஊர்ப்பட்டியலை நான் விண்டோஸில் தட்டச்சு செய்திருந்தேன். கோப்பு இல்லையென்றால் அன்று மூட்டை வரவில்லை என்று கொண்டு பூச்சியம் போடும்படியும் செய்திருந்தேன், அதைப் பெரிய சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டு.

மூன்று வாரம் கழித்து, கணக்கு உதைக்கிறது என்று குழுவின் கணக்கர் வந்து நின்றார். மன்னார்குடி, வலங்கைமான், ஒரத்தநாடு, திருவையாறு, வேதாரண்யம் எல்லாம் சரியாக இருந்தன. கொள்ளிடம், கொரடாச்சேரி, கோட்டூர், திருவோணம் ஆகிய நான்குக்கும் முதல் நாளிலிருந்தே பூச்சியம். கோப்புகளோ சர்வரில் என் கண்ணெதிரே இருந்தன. சர்வர் காட்டும் கோப்புப் பட்டியலிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டினால் திறந்தது. அதே பெயரை விசைப்பலகையில் அடித்தால் ‘இல்லை’ என்றது. இரண்டு நாள் உரிமைகளையும் குறியாக்க அமைப்புகளையும் நோண்டிவிட்டு, கடைசியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன்: நான் அடித்த கொள்ளிடத்தில் ஒன்பது யூனிகோட் குறிகள், கோப்பின் கொள்ளிடத்தில் பத்து.

எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸோ தனக்குக் கொடுக்கப்பட்ட பைட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றையே ஒப்பிடும். ஆகவேதான் எழுத்தின் இருபுறமும் குறி ஏறும் ஒகர, ஓகார உயிர்மெய் உள்ள ஊர்கள் மட்டும் தொலைந்தன. ஒரத்தநாட்டின் ஒகரம் தனி உயிரெழுத்தாதலால் தப்பியது; ஔகார உயிர்மெய்யில் முடியும் ஊரேதும் என் பட்டியலில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

காரணம் தெரிந்த பிறகும் மாணவர்கள் இடறுவது தீர்வில்தான். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோடில் பாதைக்கென்று இருக்கும் நார்மலைஸ் என்னும் செயற்கூறு பாதையில் உள்ள சாய்கோடுகளையும் புள்ளிகளையும் மட்டுமே ஒழுங்குபடுத்தும். யூனிகோடை ஒருமுகப்படுத்துவது, அதாவது இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்குவது, சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) உள்ள அதே பெயர்கொண்ட வேறொரு செயற்கூறு. பைத்தானில் அதற்கு யூனிகோட்டேட்டா என்னும் தொகுதி தேவை. பாத்லிப் இதில் உதவாது. இன்னும் மோசமான பிழை, பெயரை ஒருமுகப்படுத்தி அந்தப் பெயராலேயே கோப்பைத் திறக்க முயல்வது. வட்டில் பிரிந்த வடிவம் இருந்தால், சேர்ந்த வடிவத்தைக் கொண்டு லினக்ஸில் அதைத் திறக்க இயலாது. ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலிட்டு, இருபுறத்தையும் ஒருமுகப்படுத்தி ஒப்பிட்டு, பொருந்தியதைப் பட்டியல் தந்த வடிவத்திலேயே திறக்க வேண்டும்; புதிதாக எழுதும்போது மட்டும் சேர்ந்த வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரே ஃபோல்டரில் இரண்டு கொள்ளிடம் உட்கார்ந்திருக்கும், எதில் இன்றைய கணக்கு என்று யாருக்கும் தெரியாது.

பூச்சியம் போட்ட வரியை நீக்கினேன். இப்போது கோப்பு இல்லையென்றால் நிரல் கத்திவிட்டு நின்றுவிடும்.

முழுப் பாதையோடு முழுப் பாதையைச் சேர்த்தல்

பாதைத் துண்டுகளைச் சேர்க்கும் பைத்தானின் ஜாயினில் இரண்டாவது துண்டு சாய்கோட்டில் தொடங்கினால் முதல் துண்டு ஓசையின்றிக் கழிந்துவிடும். நோடின் ஜாயின் அப்படிச் செய்யாமல் இரண்டையும் ஒட்டிவிடும். பயனர் தந்த பெயரைச் சரிபார்க்காமல் சேர்ப்பவர்கள், நிரல் எந்த ஃபோல்டரில் எழுதுகிறது என்பதை ஒருமுறை அச்சிட்டுப் பார்க்கட்டும்.

‘கான்’, ‘ஆக்ஸ்’, ‘நல்’

இந்த ஆங்கிலப் பெயர்களை விண்டோஸ் தன் சாதனங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது, கோப்புக்கு வைக்காதீர்கள்.

தமிழில் வாக்கியம் போலப் பெயர் வைத்தல்

லினக்ஸின் கோப்பு முறையான ஈ.எக்ஸ்.டி. 4 ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் தருகிறது, யு.டி.எஃப். 8 என்னும் யூனிகோட் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு பிடிப்பதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். விண்டோஸின் கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ். 255 குறிகள் வரை ஏற்பதால், அங்கே பிறந்த நீண்ட பெயர் சர்வருக்கு ஏறும்போது பாதியில் நிற்கும். ஊர், வட்டம், பருவம், ரகம், தேதி என்று எல்லாவற்றையும் பெயரிலேயே அடுக்கிய ஒரு மாணவரிடம், அவற்றைக் கோப்பின் முதல் வரிக்கு மாற்றிவிட்டுப் பெயரில் தேதியை மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.