அடுத்த பயிற்றுநர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? தோற்றுவரும் கல்லூரிக் காற்பந்துக் குழுவின் ரசிகர்களுக்கு

குழு வரிசையாக நாலு ஆட்டம் தோற்றால் போதும், ரசிகர்களின் வாட்ஸ்அப்பில் பெயர்கள் பறக்க ஆரம்பித்துவிடும். மாநிலக் குழுவுக்கு ஆடிய ஒருவர், யாரோ ஒருவருடைய மாமாவுக்குத் தெரிந்த, பி நிலைப் பயிற்றுநர் உரிமம் உள்ளவர், கல்லூரியின் பழைய கேப்டன். இரண்டு நாளில் கூட்டம் மூன்று கட்சியாகப் பிரியும். கடைசியில் மாணவர் விவகாரப் பிரிவு தனக்குத் தோன்றிய ஒருவரைப் போட்டுவிடும். பெயரில் ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும். குழு எப்படித் தோற்கிறது என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டால், எந்த மாதிரி ஆள் வேண்டும் என்பதில் பாதி தானாகவே தெரிந்துவிடும். கோலாலம்பூர் வட்டாரக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. பினாங்குக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கோல் எங்கிருந்து வருகிறது

கடைசி எட்டுப் பத்து ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: எத்தனையாவது நிமிடம், எப்படி விழுந்தது, நம் ஆள் கடைசியாகப் பந்தைத் தொட்டது எந்த இடத்தில், அந்த நேரம் பெனால்டி பகுதிக்குள் நம்மவர் எத்தனை பேர். எப்படி விழுந்தது என்பதற்கு ஐந்து வகை போதும். கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ எல்லாம் ஒன்று. நம் பாதியில் பந்தைப் பறிகொடுத்தது, பின்வரிசையைத் தாண்டி விழுந்த நீளப் பந்து, பக்கவாட்டிலிருந்து வந்த கிராஸ், தனி ஆள் பிழை என்பவை மற்றவை. இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். தனி ஆள் பிழை என்ற கட்டம் மட்டும் வீங்கியிருந்தால், எழுதியவர் கோல்காவலர் மேல் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். மூன்று பாஸ் பின்னால் போய்ப் பார்த்தால் பல நேரம் வேறு காரணம் கிடைக்கும்.

காணொளி இல்லையென்றால் அடுத்த ஆட்டத்திலிருந்தாவது எடுங்கள். கைப்பேசியை முக்காலியில் வைத்து, திடலைப் பார்த்த மாதிரி இருக்கும் இரண்டாம் மாடி நடைபாதையிலிருந்து எடுத்தால் போதும். பந்தைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்பாதீர்கள். பந்து இல்லாத இடத்தில் பின்வரிசை எப்படி நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

கோல்களை மட்டும் எண்ணினால் கணக்கு ஏமாற்றும். பத்து ஆட்டத்தில் 20 கோல் என்பது சின்ன எண்ணிக்கை. எதிரணி நம் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து எத்தனை முறை உதைத்தது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கடைசி 15 நிமிடத்தில் நிறைய வாங்கியிருந்தால், "ஸ்டாமினா இல்லை" என்று தீர்ப்பெழுத அவசரப்பட வேண்டாம். உலகமெங்கும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் கோல்கள் அதிகம். மாற்று ஆட்டக்காரர்களை எந்த நிமிடத்தில் இறக்கினார்கள், ஆட்டம் வெயில் தாழாத நாலரை மணிக்கா, அந்த வாரம் டெஸ்ட் இருந்ததா என்று பக்கத்திலேயே குறியுங்கள். 85ஆவது நிமிடம் வரை பெஞ்சில் ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தால், அது ஓடுகிறவர்களின் நுரையீரல் பிரச்சினை அல்ல.

கார்னரில் வாங்கும் கோலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். உதைக்கிற கணத்தில் படத்தை நிறுத்துங்கள். கிட்டக் கம்பத்துக்கு, அதாவது உதைக்கிற மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் கோல் கம்பத்துக்கு, முன்னால் நம் ஆள் நிற்கிறாரா? கோல்காவலருக்கு முன் நிற்கும் எதிரணி ஆளை யாராவது பிடித்திருக்கிறார்களா? பெனால்டி பகுதியின் விளிம்பில், திரும்பி வரும் பந்துக்கு ஒருவர் உண்டா? தோற்கும் குழுக்களில் அநேகமாக ஒரே உயரக்காரரைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள், கிட்டக் கம்பம் காலியாக இருக்கும். ரசிகர்கள் இதைப் பார்த்துவிட்டு "நம்ம பையன்கள் குட்டை" என்பார்கள். உயரம் அங்கே இரண்டாவது காரணம்தான். யார் எங்கே என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே முதல் காரணம். பயிற்சிக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் சில வாரங்களில் மாறக்கூடிய பிரச்சினை இது. குறைந்த செலவில் திருத்தக்கூடியதும் இதுதான்.

நம் பாதியில் பறிகொடுப்பது அதிகமென்றால் திடலையும் சேர்த்துப் பாருங்கள். மழை பெய்து குழியும் மேடுமாகக் கிடக்கும் புல்லில், கோல்காவலரிலிருந்து சின்னச் சின்னப் பாஸாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லும் பயிற்றுநர், தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தை ஆடச் சொல்கிறார். அடுத்தவர் நம் திடலுக்கு ஏற்ற ஆட்டம் சொல்லித்தருகிறவராக இருக்க வேண்டும்.

எத்தனை பயிற்சி கிடைக்கும்

புதியவர் என்ன சாதிக்க முடியும் என்பதை நாள்காட்டி தீர்மானிக்கிறது. பொதுவாக ஒரு செமஸ்டரில் 14 வாரம் வகுப்பு. வாரம் மூன்று பயிற்சி என்றால் தாளில் 42. அதில் இடிமழை, டெஸ்ட் வாரம், பெருநாள் எல்லாம் கழித்தால் முப்பது தேறினால் பெரிது. முப்பது பயிற்சியில் புது ஆட்டமுறை ஒன்றை முழுசாகப் பதியவைக்க முடியாது. தற்காப்பு வடிவம், கார்னர், பந்தைப் பறித்ததும் முதல் பாஸ் எங்கே என்பது, இந்த மூன்றையும் சரிசெய்ய முடியும். "முதல் செமஸ்டரில் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் ஏழெட்டு விஷயம் அடுக்குகிறவரைவிட இரண்டோ மூன்றோ சொல்கிறவரை நம்பலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நாலு, ஐந்து மணிக்கு இடி இறங்குவது வாடிக்கை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் ரொம்பவே. ஆகவே மழை நாளுக்கு என்ன திட்டம் என்பது சின்னக் கேள்வி அல்ல. மண்டபத்தில் வெள்ளைப்பலகையோடு கார்னர் நிலைகளை நடந்து பார்ப்பது, காணொளி போட்டுப் பேசுவது, ஃபுட்சால் தளத்தில் நெருக்கமான இடத்துப் பாஸ் பயிற்சி என்று பதில் வந்தால் சரி. "கேன்சல்தான்" என்றால் அந்தச் செமஸ்டரில் கால்வாசி போய்விடும்.

நோன்பு மாதமும் தைப்பூசமும் இங்கே பயிற்சித் திட்டத்தின் பகுதி. ரமலானில் முஸ்லிம் ஆட்டக்காரர்களை ஐந்து மணி வெயிலில் ஓடவிடக் கூடாது. நோன்பு துறப்பதற்குச் சற்று முன்பு லேசாக, அல்லது தராவீஹ் தொழுகைக்குப் பிறகு விளக்கொளியில் என்று மாற்ற வேண்டும். விளக்குள்ள திடலுக்கு வாடகை யார் தருவது என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும். தைப்பூசத்துக்கு முன் விரதத்தில் இருக்கும் பையன் ஒருவேளைச் சைவச் சாப்பாட்டோடு பயிற்சிக்கு வருவான். பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ காவடி எடுத்த மறுநாள் அவனால் வேகமாக ஓட முடியாது. இதைத் தெரிந்து ஓட்டச் சுமையைக் குறைக்கிற பயிற்றுநர் வேண்டும். "சாக்கு சொல்றான்" என்று பெஞ்சில் உட்காரவைப்பவரால் அந்தப் பையனையும் இழப்போம், அவன் நண்பர்களையும் இழப்போம்.

உரிமமும் பெயரும்

பயிற்றுநர் உரிமத்தில் அடிப்படி டி. அதற்கு மேல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, உச்சியில் புரோ. (கூட்டமைப்பின் தலைமையகம் நம் புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது.) கல்லூரிக் குழுவுக்கு சி உள்ளவர் போதும், பி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏ உரிமக்காரர் வாரம் மூன்று மாலை முழுதாக வருவாரா என்பதுதான் கேள்வி. பாதி நாள் உதவியாளரை அனுப்பிவைப்பார் என்றால், அந்த உதவியாளரைத்தான் நீங்கள் நேர்காணல் செய்ய வேண்டும். உரிமத்தின் காலாவதித் தேதியையும் முதலுதவிச் சான்றிதழையும் கையில் வாங்கிப் பாருங்கள். அடித்தளப் படிப்பில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால், பின்னணிச் சோதனையைக் கல்லூரியே செய்யட்டும், ரசிகர்கள் செய்ய வேண்டாம்.

நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. சில நேரம் பலிக்கும். ஆனால் மலேசியக் குழுவைப் பயிற்றுவித்த கே. ராஜகோபாலின் கதையில் பார்க்க வேண்டியது வேறு. 2009இல் லாவோஸ் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளம் குழு தங்கம் வென்றது, மலேசியாவுக்கு 20 ஆண்டுக்குப் பிறகு. மறுவருடம் அந்தப் பையன்களில் பலரை வைத்துக்கொண்டுதான் தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை. அதே மாதக் கடைசியில் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் 3-0, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று அதே இந்தோனேசியாவை வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தார். 5-1க்கு மறுநாள் நம் வாட்ஸ்அப்பில் என்ன பேசியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தோல்விக்கு முன்பே ஒரு வருடத்துக்கு மேல் அவர் அந்த ஆட்டக்காரர்களை அறிந்திருந்தார். நம் குழுவின் உதவிப் பயிற்றுநர், பக்கத்துக் கல்லூரியில் நம் பையன்களுக்கு எதிராக ஆடவைத்தவர் போன்றவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

சோதனைப் பயிற்சி

நேர்காணலில் எல்லாரும் நன்றாகப் பேசுவார்கள். திடலில் ஒரு மணி நேரம் கொடுங்கள். 18 ஆட்டக்காரர், 10 பந்து, கூம்புகள், அணி பிரிக்க இரண்டு நிறத்தில் பிப் (மேல்சட்டை). கருப்பொருளை நீங்களே கொடுங்கள், உதாரணத்துக்குக் கிராஸ் தடுப்பது. ஓரத்தில் ஒருவர் நிறுத்தக் கடிகாரத்தோடு நின்று, பந்து உருண்டுகொண்டிருக்கும் நேரத்தை மட்டும் அளக்கட்டும். ஒரு மணியில் பாதிக்கும் குறைவென்றால் அவர் பேச்சாளர். இன்னொருவர் வரிசையில் நின்று காத்திருப்பவர்களை எண்ணட்டும். ஒரு பந்துக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கும் பயிற்சியில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

தவறு நடந்ததும் அவர் செய்வதைக் கவனியுங்கள். "என்னடா இது!" என்று கத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது ஒரு வகை. நிறுத்தி, ஃபுல் பேக்கின் (ஓரத் தற்காப்பு ஆட்டக்காரரின்) தோளைப் பிடித்து உடம்பைப் பாதி திருப்பி, "இப்படி நின்றால் பந்தும் தெரியும், ஆளும் தெரியும்" என்று காட்டி, 20 வினாடியில் மறுபடி ஓடவிடுவது இன்னொரு வகை. இரண்டாமவரை விடாதீர்கள். கோல்காவலர்களை மறந்துவிடுகிறாரா என்றும் பாருங்கள். கல்லூரிக் குழுவில் அவர்களுக்கென்று தனிப் பயிற்றுநர் அநேகமாக இருக்கமாட்டார். தமிழ், மலாய், சீனம் கலந்த குழுவில், தமிழ்ப் பையன்களிடம் மட்டும் தமிழில் ரகசியமாகச் சொல்கிறவர் இரண்டு மாதத்தில் உடைமாற்றும் அறையை இரண்டாக்கிவிடுவார். நமக்கு இனிக்கும் என்பதற்காக இதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது.

பிறகு உட்காரவைத்துச் சில கேள்விகள். "இடிச் சத்தம் கேட்டு நிறுத்தினால் எப்போது மறுபடி தொடங்குவீர்கள்?" கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் என்பதுதான் பதில். மழை விட்டதும் என்றால் தவறு. "தலையில் அடிபட்டவன் நல்லாத்தான் இருக்கேன் என்கிறான், இறக்குவீர்களா?" மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் இருந்தாலே அன்று இறக்கக் கூடாது. இந்த இரண்டில் தவறியவருக்கு மற்றக் கேள்விகளே வேண்டாம். "முதன்மை ஸ்டிரைக்கர் இரண்டு பயிற்சிக்கு வரவில்லை, சனிக்கிழமை முக்கிய ஆட்டம்?" என்பதற்கு ஒரே சரியான பதில் கிடையாது. ஏன் வரவில்லை என்று முதலில் கேட்பேன் என்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. "பயிற்சிக்கு 22 பேரில் 11 பேர்தான் வந்தார்கள்?" என்றும் கேளுங்கள், இது மாதம் ஒருமுறையாவது நடக்கும். உடல் சூடேற்ற என்ன செய்வீர்கள் என்றால் ஃபிஃபா 11+ பெயரைச் சொல்வார்கள். அதில் 15 பயிற்சி, 20 நிமிடம், காயத்தைக் குறைக்கவென்று அமைத்தது. இரண்டைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கல்லூரியிடம் எப்படிக் கேட்பது

முடிவெடுப்பது நாம் அல்ல, விளையாட்டுப் பிரிவு அதிகாரி. அவருக்கு நாற்பது குரல்பதிவுகள் அனுப்பிப் பயனில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கக் கடிதம், அதனுடன் கோல் அட்டவணை. அட்டவணை காட்டும் மூன்று தேவை, வேண்டாத இரண்டு விஷயம், அவ்வளவுதான். ஆட்டக்காரர்களைக் கையெழுத்திட வைக்காதீர்கள். இப்போதைய பயிற்றுநர் இன்னும் பதவியில் இருந்தால் அடுத்த ஆட்டத்தில் அவர்கள்தான் வெளியே உட்காருவார்கள். அவருக்குத் தகவல் போகும் முன் வேறு பெயர் எதையும் வெளியில் விடாதீர்கள், அது மரியாதையும் அல்ல.

சம்பளப் பேச்சில் ரசிகர்கள் தலையிட முடியாது, ஆனால் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: பயிற்சிக்கான படித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நல்ல பயிற்றுநர்கள் செமஸ்டர் நடுவில் கழன்றுகொள்ள, தொகை குறைவு என்பதைவிட அது மூன்று மாதம் தாமதமாவதுதான் காரணமாகிறது. ஒப்பந்தம் ஒரு செமஸ்டருக்கு வேண்டாம், முழுக் கல்வியாண்டுக்கு இருக்கட்டும்.

அவர் வந்தபின் முதல் ஆறு ஆட்டத்துக்கு வெற்றி தோல்வியைத் தனியாக வைத்துவிட்டு, அதே அட்டவணையை அதே இரண்டு பேர் நிரப்பட்டும். கார்னரில் வாங்குவது குறைந்ததா, பெனால்டி பகுதிக்குள் விடும் உதைகள் குறைந்தனவா என்று பாருங்கள். ஆறு ஆட்டத்துக்குப் பிறகும் கிட்டக் கம்பம் காலியாகவே இருந்தால் அதைப் பற்றிக் கேட்கலாம், மரியாதையாக, படத்தோடு. பழைய காணொளிகள், காயப் பட்டியல், யாருக்கு எந்த நாள் லேப் வகுப்பு என்ற அட்டவணை எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு முதல் பயிற்சிக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இதையெல்லாம் அவர் தானாகக் கண்டுபிடிப்பதற்குள் நாலாவது வாரம் ஆகிவிடும்.